பொட்டலத்தோடு நிற்காதீர்கள், நாற்றையும் கொடுங்கள்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே மல்லிகையைப் போட்டுவிட்டு ஊர் திரும்பும் விவசாயியின் கையில் இருக்கும் பையை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். அரை கிலோ கத்தரிக்காய், அரை கிலோ தக்காளி, கால் கிலோ சீனியவரைக்காய், ஒரு கட்டு அரைக்கீரை இருக்கும். கிணறும் மோட்டாரும் உள்ளவர். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கும். பூ விற்ற காசில் ஒரு பங்கைக் கீரைக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறார். அந்தக் கீரையும் நம்மைப் போன்ற இன்னொரு விவசாயி போட்டதுதான், அவர் பிழைக்கட்டும். ஆனால் ஒரு மாதத்தில் கொல்லையிலேயே கிள்ளக்கூடிய கீரையை இருபது கிலோமீட்டர் போய் வாங்கி வருகிறோம் என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதே இல்லை.

நெல் போடுபவர் வீட்டிலும், கரும்பு போடுபவர் வீட்டிலும், தென்னை வைத்திருப்பவர் வீட்டிலும் இதே கதைதான். "இந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பு வளையவில்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டுத்தோட்டம் போட்டுப் பார்க்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. போட்டு, ஒன்றும் வராமல் போய், இது நமக்குச் சரிப்படாது என்று விட்டவர்கள்தான் அதிகம். ஏன் வராமல் போனது என்று அந்தந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட வரையில் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். பட்டம் தவறிப் போட்டிருப்பார்கள். அல்லது நாற்று விட்டு நட வேண்டிய விதையை நேரே மண்ணில் தூவியிருப்பார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் ஊட்டச்சத்துத் தோட்டத் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்கு 12 வகைக் காய்கறி விதை 15 ரூபாய்க்கும், நகரத்து வீடுகளுக்கு மாடித்தோட்டத் தளை 225 ரூபாய்க்கும் மானியத்தில் வந்தன. 2025 ஜூலை 4 அன்று ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கப்பட்டது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு வகை விதைகள் ஒரு தொகுப்பு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் ஒரு தொகுப்பு. மரத்துவரை, காராமணி, அவரை விதைகள் இன்னொன்று. நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறு பேரில் ஐம்பத்து மூன்று பேர். கொல்லையில் நாலு கீரைப் பாத்தி போட்டால் இது தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும், பயறும் முட்டையும் வேண்டும். ஆனால் கீரையும் காயும் பழமும் தினசரி தட்டில் விழுவதற்குக் கொல்லையை விடச் சுருக்கமான வழி கிராமத்தில் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு அது 1.6 கிலோ. கடையில் வாங்கி அந்த அளவுக்குச் சாப்பிடுகிற கூலிக்காரர் வீடு எத்தனை இருக்கும்?

அதனால் திட்டம் வேண்டும். அது வருகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

அந்த ஆறு விதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டை, கொத்தவரை, கீரை மூன்றும் நேரே விதைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் போட்டுவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் அப்படியல்ல. தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு ஐந்து வாரத்துக்கு மேல் நாற்றங்காலில் இருக்க வேண்டும். மேட்டுப்பாத்தி, பூவாளித் தண்ணீர், எறும்புக்குக் காவல், நாற்றழுகல் வந்தால் வைத்தியம் என்று ஒரு மாதப் பிள்ளை வளர்ப்பு அது. ஏக்கர் கணக்கில் மிளகாய் போடுகிற விவசாயியே இன்று நாற்றுவிடுவதில்லை, பண்ணையிலிருந்து குழித்தட்டு நாற்று வாங்கி வந்துதான் நடுகிறார். அவராலேயே முடியாததை, காலையில் களையெடுப்புக்குப் போய் சாயங்காலம் வந்து அடுப்பு மூட்டுகிற பெண் பத்துச் செடிக்காகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பொட்டலத்தைக் கிழித்துக் கொல்லையில் தூவுகிறார். மறுநாளே எறும்பு பாதியை இழுத்துப் போகிறது. மீதியைக் கோழி கிளறுகிறது. முளைத்த நாலைந்தும் களை எது, செடி எது என்று தெரியாமல் பிடுங்கப்படுகின்றன. "விதை மட்டம்" என்று பேர் வந்துவிடுகிறது. விதை மட்டமில்லை.

இந்தப் பிரச்னைக்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் மகளிர் சுய உதவிக் குழு உண்டு. ஒரு நிழல்வலை, கொஞ்சம் தென்னைநார்க் கழிவு உரம், இருபது முப்பது குழித்தட்டு இருந்தால் ஒரு குழு ஊர் முழுக்கத் தேவையான நாற்றை விட்டுக் கொடுத்துவிடும். ஒரு தட்டில் 98 குழி. ஒரு வீட்டுக்குக் கத்தரி எட்டு, மிளகாய் பத்து, தக்காளி பன்னிரண்டு என்றால் மூன்று வீட்டுக்கு ஒரு தட்டு போதும். அந்த மூன்று பயிருக்கும் விதை வாங்கும் பணத்தைக் குழுவிடம் கொடுத்து நாற்றாக வாங்கி வீடு வீடாகக் கொடுக்கட்டும். குழுவுக்கு வருமானம், வீட்டுக்கு ஒரு மாத வேலை மிச்சம். வெண்டையும் கொத்தவரையும் கீரையும் பொட்டலமாகவே வரட்டும்.

பட்டம் தவறினால் பலன் இல்லை

இரண்டாவது விஷயம் பட்டம். இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மதுரைச் சமவெளியில் ஆடியில் மழை கிடையாது, காற்றுதான். நம் மாவட்டத்துக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் 850 மில்லிமீட்டர் சுமாரான மழையில் பெரும்பங்கு ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டி வருவது. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை கொஞ்சம் கை கொடுக்கும். ஆகவே நம் ஊர்க் கொல்லைக்கு ஆடிப்பட்டம் என்றால், ஆனியில் நாற்று விட்டு, ஆடிக்காற்று அடங்கும் நேரத்தில், ஆடிப்பெருக்கு கழிந்து நடுவது என்று பொருள். கத்தரி, மிளகாய் இரண்டையும் அப்படித்தான் நட வேண்டும். சாயங்காலம் நட்டு, மூன்று நாளைக்கு வேப்பங்கொழுந்தோ பனையோலைத் துண்டோ குத்தி நிழல் கொடுத்தால் போதும். ஆவணி இடிமழையில் வேர் பிடித்து, பெருமழைக்கு முன்பே காய்க்கத் தொடங்கிவிடும். வெண்டை, சீனியவரை, தட்டப்பயறு மூன்றையும் ஆடியிலேயே நேராக விதைக்கலாம்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தலில் ஏறும் நம் நாட்டு அவரை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்ட அவரை ஐப்பசி முழுக்கக் கொடி ஓடி, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரைக்காய் வந்தது அதனால்தான். அதே விதையைத் தையில் போட்டால் என்ன ஆகும்? நானே போட்டேன். ஓர் உறவினர் கொடுத்த விதையை, இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு தை மாதம் ஊன்றினேன். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் கூரை மேல் கொடி படர்ந்தது. ஒரு பூ கிடையாது. எருவைக் குறை, தண்ணீரைக் குறை என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வைகாசியில் வெறுத்துப்போய் அறுத்து மாட்டுக்குப் போட்டேன். மாடு சந்தோஷமாகத் தின்றது. எப்போது போட்டாலும் காய்க்கும் குத்து அவரை ரகங்கள் வேறு. பொட்டலத்தில் "அவரை" என்று மட்டும் அச்சடித்திருந்தால் எந்த அவரை என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? பந்தலா குத்தா, எந்த மாதம் ஊன்ற வேண்டும் என்று இரண்டு வரி அச்சடிக்கப் பெரிய செலவாகாது.

தக்காளிதான் வீட்டுத்தோட்டக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் தக்காளி விதை வாங்கி ஓடினார்கள். விலை ஏறிய காரணமே அந்த மாதத்தில் சமவெளியில் தக்காளி சரியாக வராது என்பதுதான். பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் வெக்கையாக இருந்தால் பூ நிற்காது, உதிர்ந்துவிடும். மதுரையில் தக்காளிக்கு நல்ல காலம் ஒன்றுதான். புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு, பெருமழை ஓய்ந்ததும் கார்த்திகையில் நடுவது. தையிலிருந்து பங்குனி முன்பாதி வரை பறிக்கலாம். அந்த மூன்று மாதம் உங்கள் வீட்டில் ரசத்துக்கும் சட்னிக்கும் தக்காளி வாங்க வேண்டியதில்லை. மற்ற மாதங்களில் புளி இருக்கிறது, மாங்காய் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் தக்காளி இல்லாமலே குழம்பு வைத்தவர்கள்தானே.

தை பிறந்த பிறகு கொடிக்காய்கள். பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி எல்லாம் தையில் போட்டால் பங்குனி, சித்திரையில் காய் வரும். ஆடியிலும் போடலாம், ஆனால் காற்று பந்தலைப் பிய்த்துவிடும். ஆடியில் போட்டே தீர வேண்டுமென்றால் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் போடுங்கள். நம் ஊரில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருகிறது, வீட்டுச் சுவரே மறைப்பாக நிற்கும்.

சித்திரை, வைகாசியில் கொல்லை காய்ந்துதான் கிடக்கும். அதைப் பச்சையாக வைத்திருக்கத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். முருங்கையும், கறிவேப்பிலையும், ஒரு பாத்தி தண்டுக்கீரையும் அந்த இரண்டு மாதத்துக்குப் போதும். வெண்டை வரும், ஆனால் வெயிலில் வெள்ளை ஈ வந்து இலை நரம்பு மஞ்சளாகிப் போகும். மஞ்சள் கண்ட செடியை உடனே பிடுங்கி எரித்துவிடுங்கள், மருந்து தேடி அலைய வேண்டாம்.

விதை எங்கிருந்து வந்தது

ஒன்றை நாம் மறந்துவிட்டோம். வேளாண் பல்கலைக்கழகம் நமக்குத் தந்த பல ரகங்கள் நம் கொல்லைகளிலும் தோட்டங்களிலும் இருந்து போனவைதான். மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 கத்தரி, கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. எம்.டி.யு. 1 புடலையின் ஒரு பெற்றோர் பன்றிப்புடல், இன்னொன்று மேலூர் தனியாமங்கலத்திலிருந்து எடுத்த வகை. பெரியகுளம் கல்லூரியின் பி.கே.எம். 1 தக்காளி அன்னஞ்சி ஊர்த் தக்காளியிலிருந்து உருவானது. பி.கே.எம். 1 எலுமிச்சை கடையம் வகை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. அந்த ஊர்களில் யாரோ பல தலைமுறையாக நல்ல காயைப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் பிரட்டிக் காய வைத்து, அடுத்த ஆடிக்கு எடுத்து வைத்ததால்தான் விஞ்ஞானிக்குத் தேர்ந்தெடுக்க ஏதோ கிடைத்தது.

என் அம்மா பூசணி விதையைச் சாணியில் வைத்து வறட்டி போலச் சுவரில் தட்டிவிடுவார். கத்தரி விதை காய்ந்த சுரைக்குடுக்கையில் அடுப்புக்கு மேலே தொங்கும். கொல்லை போனபோது குடுக்கையும் போயிற்று. இன்று எங்கள் ஊரில் நாட்டுக் கத்தரி விதை ஒரு பிடி கேட்டால் ஓரிரு வீட்டில்தான் கிடைக்கும். அடுத்த எம்.டி.யு. 1 எந்த ஊர் வகையிலிருந்து வரப்போகிறது?

அதனால் அதிகாரிகளிடம் நான் வைக்கும் இன்னொரு கோரிக்கை: வீட்டுத்தோட்டத்துக்கு வீரிய ஒட்டு விதை கொடுக்காதீர்கள். சந்தைக்கு விளைவிப்பவருக்கு அது சரி. வீட்டுக்கு விதை எடுத்து மறுபடி போடக்கூடிய ரகமாகக் கொடுங்கள். கத்தரியும் தக்காளியும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, விதை எடுப்பது எளிது. நன்றாகக் காய்த்த செடியில் நடுப்பருவக் காய் இரண்டைப் பழுக்கவிட்டால் ஊருக்கே விதை ஆகும். கொடிக்காய்களில் மட்டும் கவனம் வேண்டும். தேனீ பக்கத்து வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவரும், விதை கலந்துபோகும். எப்படி விளைந்ததாக இருந்தாலும் சுரைக்காய் சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள். கசப்புச் சுரைக்காய் உண்மையிலேயே விஷம், ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய நாளில் நம் சமவெளியில் வீட்டுத்தோட்டம் என்று தனியாக வேலி போட்டு ஒன்று இருந்ததாக நினைக்க வேண்டாம். நெல் வயல் வரப்பில் துவரையும் ஆமணக்கும் நின்றன. எருக்குழி மேட்டில் பூசணி தானாக ஓடியது. சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவதற்கு அகத்தி நட்டார்கள், கிள்ளிய அகத்திக்கீரை வீட்டுக்கு வந்தது. துவைகல் பக்கத்தில் வாழை நின்றது. காய்க்கென்று ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாகச் செலவானதில்லை. இப்போதும் இரண்டு சென்ட் இடமில்லாதவர்கள் அப்படித் தொடங்கலாம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 5 சென்ட் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. முதல் வருஷம் ஒரு சென்ட் போதும், வரப்பையும் எருக்குழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துவைக்கிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். இளம் நாற்றுக்கும் கீரைக்கும் விட வேண்டாம். சோப்பு உப்பு மண்ணில் தங்கி, மண் இறுகிப் போகும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இரண்டும் கத்தரிப் பாத்திக்கு.

வேலி. இதைப் பற்றி எந்தத் திட்டமும் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. நான் முதன்முதலில் நட்ட முப்பது கத்தரி நாற்றையும் பக்கத்து வீட்டு ஆடு ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டது. சண்டை போட முடியாது, அந்த வீட்டம்மாவுக்கு அந்த ஆடுதான் பிழைப்பு. இப்போது மயிலும் சேர்ந்துகொண்டது. கீரை முளைக்கிறதோ இல்லையோ மயில் வந்து நிற்கும். சீமைக்கருவேல் முள்ளை வெட்டிக் கட்டினால் ஆடு நிற்கும். மயிலுக்கும் கோழிக்கும் பழைய வலையையோ பழைய சேலையையோ பாத்திக்கு மேலே கட்ட வேண்டும். நாலு வருஷம் நிற்க வேண்டுமென்றால் கிளுவைக் கம்பு ஊன்றி உயிர்வேலியாக்குங்கள், அதிலேயே அவரையையும் பீர்க்கையும் ஏற்றலாம். விதைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு வலைக்குப் போனால், அந்த விதையில் பாதியாவது காயாகும். வேலி இல்லாத வீட்டுக்கு நாற்று கொடுத்தால் அது ஆட்டுக்குத்தான்.

பழக்கன்றுக்கு வருவோம். பப்பாளிதான் வீட்டுக்கு முதல் பழம், நட்ட பத்து மாதம் ஒரு வருஷத்தில் பழம் தரும். ஆனால் பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனியாக இருக்கும் ரகங்கள் உண்டு. கோ 8 அப்படிப்பட்டது. தோட்டமாகப் போடுபவர் குழிக்கு இரண்டு மூன்று கன்று வைத்து, பூ வந்ததும் ஆணைக் கழித்துவிடுவார். வீட்டுக்கு ஒரே ஒரு கன்று கொடுத்து அது ஆணாகப் போனால் ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றியது வீண். வீட்டுக்குக் கோ 7 போன்ற இருபால் ரகம் கொடுக்க வேண்டும். வாங்கும்போது நீங்களும் கேளுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைத் தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலும் பப்பாளி அழுகிவிடும், அங்கே முழங்கால் உயரம் மேடு கட்டி அதன் மேல்தான் நட வேண்டும். மேலூர்ச் செம்மண்ணில் அந்தக் கவலை குறைவு. கொய்யாவில் பதியன் கன்று வாங்குங்கள், இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். எலுமிச்சைக்குப் பொறுமை வேண்டும், முள்ளும் உண்டு, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற பக்கம் வைக்காதீர்கள். இரண்டையும் புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்ததும் நட்டால் முதல் நாலு மாதம் தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறையும்.

முருங்கையை வெட்டிவிட்டவர்கள் நிறையப் பேர், கம்பளிப்பூச்சி காரணம். மழைக்காலத்தில் பகலில் மரத்தின் அடிப்பட்டையில் கூட்டமாக அடைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து நீண்ட கம்பில் பந்தம் கட்டிக் காட்டினால் ஒரு காலை வேலை. ஒரு மாதத் தொல்லைக்காகப் பதினொரு மாதக் கீரையை வெட்டிப் போடாதீர்கள்.

களப்பணியாளர்களுக்கு

தோட்டக்கலைத் துறையிலும் வேளாண் துறையிலும் களத்தில் நிற்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒருவர் கையில் பத்து, பதினைந்து ஊர். மேலிருந்து இலக்கு வருகிறது, இத்தனை தொகுப்பு இத்தனை தேதிக்குள் முடிய வேண்டும் என்று. கையெழுத்து வாங்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், கணினியில் ஏற்ற வேண்டும். தொகுப்பு கொடுத்த நாளோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஓர் ஊரில் ஆடியில் வர வேண்டிய விதை ஐப்பசி அடைமழையில் வந்து சேர்ந்ததை நான் பார்த்தேன். எந்த ஊர், யார் கொடுத்தார்கள் என்பது இங்கே வேண்டாம், கொடுத்தவரும் தாமதமாகத்தான் வாங்கினார். மழையில் நனைந்துகொண்டே கொடுத்தார், ஜனங்களும் மறுக்காமல் வாங்கினார்கள். மிளகாய் விதை பரணுக்குப் போயிற்று.

தொடங்கி வைத்த நாளும் ஊருக்கு வந்து சேரும் நாளும் ஒன்றல்ல. ஜூலை 4 என்பது ஆனி 20. அன்றே கைக்குக் கிடைத்த வீட்டுக்கு அது நல்ல நேரம். செப்டம்பரில் கிடைத்த வீட்டுக்கு அதே பொட்டலத்தில் பாதி விதைக்குப் பட்டம் போய்விட்டது. ஆகவே ஒரே தொகுப்பை வருஷத்துக்கு ஒரு முறை கொடுப்பதை விட, அதையே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஆடி முடிவில் கத்தரி, மிளகாய் நாற்றும் வெண்டை, கொத்தவரை, பந்தல் அவரை விதையும். கார்த்திகையில் தக்காளி நாற்றும் கீரை விதையும். தையில் கொடிக்காய் விதை. செலவு கூடாது, போக்குவரத்து கொஞ்சம் கூடும். தாமதமாகிவிட்டால் அந்தப் பட்டத்து விதையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுக்கும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்கு வேண்டும்.

இலக்கை எண்ணும் விதத்தையும் மாற்றச் சொல்லி மேலே எழுதுங்கள். கொடுத்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். எத்தனை கத்தரிச் செடி நிற்கிறது, கடந்த வாரம் எத்தனை நாள் கொல்லைக் காய் சமைத்தார்கள் என்று இரண்டே கேள்வி போதும். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். வரட்டும், அடுத்த வருஷம் எதைத் திருத்த வேண்டும் என்று அதில் தெரியும்.

வாசகர்களில் சிலர் கேட்பீர்கள்: எல்லாரும் வீட்டிலேயே விளைவித்துக்கொண்டால் உழவர் சந்தையில் யார் வாங்குவது என்று. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. நானும் அங்கே காய் விற்றவன். அங்கே வாங்குகிறவர் நகரத்துக்காரர், அவர் வந்துகொண்டுதான் இருப்பார். சந்தைக்கு நாலு மூட்டை கொண்டுபோகிறவர் தன் வீட்டுக்கு வேறு கடையில் அரை கிலோ வாங்கி வருவதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். கொல்லையில் மிஞ்சினால் அதையும் சந்தைக்கு எடுத்துப் போங்கள், இல்லை பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், ஆட்டுக்காரம்மாவுக்கு முதலில்.

இப்போது வைகாசி. ஆனி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியது வேலிதான். முள்ளை வெட்டிப் போடுங்கள், வெயிலில் மண்ணைக் கொத்திக் காயவிடுங்கள், எருக்குழியிலிருந்து மக்கிய எருவைப் பத்துக் கூடை அள்ளி வையுங்கள். ஆனி முதல் வாரத்தில் உங்கள் ஊரில் நாலு பெண்களாகச் சேர்ந்து ஒரு குழித்தட்டில் கத்தரியும் மிளகாயும் விட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் கார்த்திகைக்குத் தக்காளி நாற்று வேண்டும், விதையாக வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அப்போது கேட்டால்தான் புரட்டாசிக் கடைசியில் நாற்று விட நேரம் இருக்கும்.